விடுதலும் கைவிடுதலும்: ஊழியரின் நேரம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

தொழில் முகாமை பற்றி இன்று எழுதப்படும் நூல்களிலும், கம்பனிகள் ஆட்சேர்ப்பின்பொருட்டு வெளியிடும் விளம்பரங்களிலும் ஒரு கருத்துத் திரும்பத் திரும்ப எடுத்துரைக்கப்படுகின்றது. ஊழியரின் வேலைக்கும் வாழ்வுக்கும் இடையே அமையவேண்டிய சமநிலையை நிறுவனம் வகுத்துக் கொடுத்தல் தகாது. அவரவர் தம் குடும்ப நிலைக்கும் உடல் நிலைக்கும் மன விருப்புக்கும் ஏற்ப அதனைத் தாமே கண்டுகொள்ள விடப்படுதல் வேண்டும் என்பதே அக்கருத்தாகும். முதற் பார்வையில் இதனை மறுப்பதற்கு எதுவுமில்லை. மனிதனைப் பகுத்தறிவுடைய உயிராக ஏற்றுக்கொண்ட எந்தத் தத்துவமும், அவனது நாளின் மணித்தியாலங்களைப் பிறர் பங்கிட்டுக் கொடுப்பதை இயல்பான நிலையாக ஒப்புக்கொள்ளமாட்டாது. ஆயினும் 'விடுதல்' என்னும் சொல் தமிழில் இரு வழிப்படுவது. கட்டினின்றும் அவிழ்த்து விடுதலும் விடுதலே; துணை வேண்டிய இடத்திற் கைவிடுதலும் விடுதலே. ஊழியரைத் தம் சமநிலையைத் தாமே தேடிக்கொள்ள விடுவதாகக் கூறும் தொழில்தருநர் இவ்விரண்டினுள் எதனைச் செய்கின்றார் என்பது ஆராயப்படவேண்டியதொன்றாகும்.

வேலை ஒருபுறம், வாழ்வு மறுபுறம் என ஒரு துலாக்கோலின் இரு தட்டுகளாக இவற்றை எண்ணும் வழக்கம் மனித வரலாற்றில் மிகப் பிந்தியது. வன்னியில் நெல் விதைத்தவனும் வடகரையில் வலை வீசியவனும் மணிக்கூட்டைப் பார்த்து உழைத்தவர்களல்லர். அறுவடைக் காலத்தில் இருட்டும்வரை வயலில் நின்றவன், அது முடிந்தபின் கோயில் திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் கூத்துக்கும் நாட்களைக் கணக்கின்றிச் செலவிட்டான். காற்று மாறினால் மீனவன் கடலுக்குச் செல்லான். ஆங்கில வரலாற்றாசிரியரான ஈ. பி. தொம்சன் 1967 ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையொன்றில், பணியை அளவையாகக் கொண்ட இத்தகைய உழைப்பு, கைத்தொழிற் புரட்சியின்போது நேரத்தை அளவையாகக் கொண்ட உழைப்பாக மாறிய வரலாற்றை விரிவாக எடுத்துக் காட்டியுள்ளார். பழைய நிலையைப் பொற்காலமெனப் போற்றுவோர் உளர். அது சரியன்று. நிலமின்றிப் பிறர் வயலிற் குடிமை செய்தவனின் உழைப்பின் அளவைப் பருவகாலம் வகுக்கவில்லை, நிலமுடையவனே வகுத்தான். மணிக்கூடு இல்லாத இடத்திலும் மேலாள் இருந்தான் என்பதை மறத்தல் ஆகாது.

இலங்கையில் நேர ஒழுங்கின் வருகையைத் துலக்கமாகக் காட்டுவது மலையகப் பெருந்தோட்டமாகும். விடியுமுன் லயங்களிற் கேட்கும் தப்பொலி, பிரட்டுக்களத்திற் பெயர் கொடுத்தல், பிந்தி வந்தோரைத் திருப்பி அனுப்புதல், நிர்ணயித்த அளவுக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர் எனக் குறித்தல் என்பன வெறும் நிருவாக நடைமுறைகளாக நின்றுவிடவில்லை. ஒரு நாளின் உழைப்பையே 'பேர்' என்னும் சொல்லால் வழங்குமளவுக்கு அவை மக்களின் மொழியினுள்ளும் புகுந்தன. செக்ரோலில் பெயர் பதியப்பட்ட நாளே நாள். பதியப்படாத நாள் வாழ்ந்த கணக்கிற் சேராது.

இந்நிலைக்கு எதிராக எழுந்த தொழிலாளர் இயக்கங்கள் கேட்டது என்ன என்பது கூர்ந்து நோக்கற்பாலது. 1856 ஏப்பிரல் 21 ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரிற் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு எட்டு மணித்தியால வேலைநாள் கேட்டு ஊர்வலம் சென்ற கல்தச்சர்கள், ஒரு பல்கலைக்கழகத்தின் கட்டடத்தை எழுப்பிக்கொண்டிருந்தவர்களாவர். (பல்கலைக்கழகங்களின் வரலாற்றில் இச்செய்திக்குப் பெரும்பாலும் இடமளிக்கப்படுவதில்லை.) 1886 இல் சிக்காகோவிற் போராடியோரும் அதனையே கேட்டனர். 1919 இல் சர்வதேசத் தொழில் நிறுவனம் நிறைவேற்றிய முதலாவது சமவாயம் கைத்தொழில்களில் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 48 மணித்தியாலம் என வரையறுத்தது. இலங்கையில் 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8, வாரத்துக்கு 45 என விதித்தது. இவர்களுள் எவரும், 'ஒவ்வொருவருக்கும் அவரவர் விரும்பிய நேரம்' எனக் கேட்கவில்லை. யாவருக்கும் பொதுவான ஓர் எல்லையையே கேட்டனர். சுதந்திரத்தின் பெயரால் உயிர் துறக்கவும் துணிந்தோர், தத்தம் தெரிவுக்கு விடப்படுவதைக் கேளாது, தம்மையும் கட்டுப்படுத்தும் சட்டத்தை ஏன் கேட்டனர்?

இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுந்த வழக்கொன்று உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலம் 1895 இல் இயற்றிய சட்டமொன்று, பேக்கரித் தொழிலாளரிடம் நாளொன்றுக்கு 10 மணித்தியாலத்துக்கும் வாரத்துக்கு 60 மணித்தியாலத்துக்கும் மேலாக வேலை வாங்கலாகாது என விதித்தது. அக்காலப் பேக்கரிகள் பல நிலக்கீழ் அறைகளில் இயங்கின. மாத்தூளும் போறணையின் வெக்கையும் நிறைந்த அவ்வறைகளில் இரவு முழுதும் உழைத்தோரின் நுரையீரல் நோயும் சட்டத்துக்கு ஒரு காரணமாயிற்று. சட்டத்தை மீறியமைக்காகத் தண்டிக்கப்பட்ட பேக்கரி உரிமையாளர் ஒருவர் மேன்முறையீடு செய்தார். லொக்னர் எதிர் நியூயோர்க் என அறியப்படும் அவ்வழக்கில், 1905 ஏப்பிரலில் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற வீதத்தில் அச்சட்டம் செல்லாதெனத் தீர்த்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் பெக்கமின் தருக்கம் எளிமையானது: பேக்கரித் தொழிலாளர் வயதும் அறிவும் நிரம்பியவர், தம் உழைப்பை எத்தனை மணித்தியாலத்துக்கு விற்பது என்பதைத் தாமே தீர்மானிக்க வல்லவர், அரசு அவர்தம் பாதுகாவலனாக இடைபுகுதல் அவர்தம் ஒப்பந்தச் சுதந்திரத்தைப் பறிப்பதாகும். ஊழியரைத் தம் சமநிலையைத் தாமே கண்டுகொள்ள விடுதல் என்னும் இன்றைய கூற்றினின்றும் இது சொல்லால் வேறுபடலாம். பொருளால் அதிகம் வேறுபடவில்லை.

ஆனால் தொழிலாளியின் சுதந்திரம் பறிபோயிற்று என முறையிட்டு நீதிமன்றம் ஏறியவர் தொழிலாளியல்லர். அவருக்குக் கூலி கொடுத்தவர். பிறனொருவனின் சுதந்திரத்துக்காக இத்துணைப் பரிவுடன் வழக்காடுவோரின் பரிவு ஆராய்தற்குரியது. மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதியரசர் ஹார்லன், இத்தகைய இடங்களில் முதலாளியும் தொழிலாளியும் சமநிலையில் நின்று பேரம் பேசுவதில்லை என்பதும், தேவையின் நெருக்குதலே தொழிலாளியைத் தன் உடல் தாங்காத நிபந்தனைகளுக்கு இணங்க வைக்கின்றது என்பதும் சட்டத்தின் பின்னணியாக இருக்கலாம் எனச் சுட்டினார். இவ்வொப்பந்தச் சுதந்திரக் கோட்பாட்டினின்றும் அந்நீதிமன்றம் வெளிவர 1937 வரை சென்றது.

பேரத்திற் சமமின்மை உண்டு என்பது யாவரும் அறிந்ததே. அதனினும் ஆழமான காரணமொன்றை, லொக்னர் வழக்குக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஜோன் ஸ்ருவேட் மில் கண்டறிந்திருந்தார் என்பது வியப்புக்குரியது. தனிமனித சுதந்திரத்தின் தலையாய வழக்கறிஞராக மதிக்கப்படும் அவர், 1848 இல் வெளியிட்ட அரசியற் பொருளாதார நூலில் ஓர் எடுத்துக்காட்டைத் தருகின்றார். வேலைநாளை 10 மணித்தியாலத்திலிருந்து 9 ஆகக் குறைத்தால் கூலி குறையாது. அது தொழிலாளர் யாவருக்கும் நன்மையே எனக் கொள்வோம். அவ்வாறாயின் சட்டம் எதற்கு, தொழிலாளர் தாமாகவே 9 மணித்தியாலத்துடன் நிறுத்திக்கொள்வரன்றோ எனச் சிலர் கேட்கலாம். நிறுத்திக்கொள்ளார் என்கிறார் மில். மற்றவர் 10 மணித்தியாலம் உழைக்க ஒருவன் மட்டும் 9 உடன் எழுந்து சென்றால், அவன் வேலையை இழப்பான். அல்லது கூலியிற் பத்திலொரு பங்கை இழப்பான். மறுதலையாக, ஏனையோர் யாவரும் 9 உடன் நிறுத்தினால், 10 மணித்தியாலம் உழைப்பவன் ஒருவன் குறைந்த வேலைநாளின் நன்மையையும் பெற்று, மேலதிகக் கூலியையும் பெறுவான். அவனைப் பார்த்து அடுத்தவனும் தொடர்வான். முடிவில் யாவரும் விரும்பாத 10 மணித்தியாலத்தையே யாவரும் 'தெரிந்தெடுத்து' நிற்பர். இங்கே சட்டம் தொழிலாளரின் தீர்ப்பை மறுக்கவில்லை. அவர்களது தீர்ப்பு நிறைவேறுவதற்கு வழி செய்கின்றது. அத்தகைய சட்டத்தைத் தாம் பரிந்துரைப்பதாக மில் அவ்விடத்திற் கூறவில்லை என்பதையும் நேர்மையுடன் குறித்தல் வேண்டும். அவர் காட்ட விரும்பியது தருக்கத்தின் வடிவத்தையே. ஆயினும் அவ்வடிவம் ஒன்றே போதுமானது. நேரம் பற்றிய தெரிவு, உண்ணும் உணவு பற்றிய தெரிவு போன்றதன்று. ஒருவன் எவ்வளவு நேரம் உழைக்கின்றான் என்பது, அவனருகே இருப்பவன் எவ்வளவு நேரம் உழைத்தாற் போதும் என்பதையும் நிர்ணயித்துவிடுகின்றது. தனித்தனியே விடப்பட்ட தெரிவுகள் ஒன்றையொன்று இழுத்துச் செல்கின்றன.

மில்லின் தருக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழிற்சாலைக்கு மட்டும் உரியதெனக் கருதுவோர் அண்மைக் காலத்தை நோக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 1993 இல் வெளியிட்ட வேலைநேரப் பணிப்புரை, வாரத்துக்குச் சராசரி 48 மணித்தியாலம் என எல்லையிட்டது. ஊழியர் விரும்பிச் சம்மதித்தால் எல்லையைக் கடக்கலாம் என்ற விலக்கும், சம்மதிக்க மறுத்தவருக்குத் தீங்கு நேரலாகாது என்ற காப்பும் அதில் இருந்தன. எழுத்தளவில் இதனினும் நியாயமான ஏற்பாட்டைக் காண்டல் அரிது. பிரித்தானியாவில் நடந்தது யாதெனில், வேலைக்குச் சேர்பவன் நியமன ஒப்பந்தத்திற் கையொப்பமிடும் அதே வேளையில் இச்சம்மதப் பத்திரமும் அவன் முன் நீட்டப்பட்டது. இதனை ஐரோப்பிய ஆணைக்குழுவே தன் மீளாய்வின்போது குறைகூறிற்று. வேலை கிடைத்த மகிழ்ச்சியில் பேனாவைத் திறந்தவன் இரண்டாவது தாளில் மட்டும் கையொப்பமிட மறுப்பது எங்ஙனம்? சட்டம் அவனுக்கு மறுக்கும் உரிமையைக் கொடுத்தது. மறுக்கும் தருணத்தைக் கொடுக்கவில்லை.

யப்பானிய அனுபவம் இன்னும் கசப்பானது. மிகையுழைப்பால் நேரும் மரணத்துக்கென 'கரோஷி' என ஒரு தனிச் சொல்லையே ஆக்கிக்கொண்ட நாடு அது. அங்கு ஊழியருக்குச் சம்பளத்துடன் கூடிய லீவு சட்டப்படி நெடுங்காலமாக உண்டு. எடுப்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். சக ஊழியருக்குச் சுமையாவோமோ, மேலாளர் முகம் சுளிப்பாரோ என்ற அச்சத்தால் அந்த லீவின் பெரும்பகுதியை எடுக்காமலே விட்டோர் ஏராளம். ஈற்றில் 2019 ஏப்பிரல் முதல், 10 நாளோ அதற்கு மேலோ லீவு உடைய ஊழியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 5 நாளாயினும் எடுக்கும்படி செய்வது தொழில்தருநரின் கடமை எனச் சட்டமாயிற்று. ஓய்வைக் கட்டாயப்படுத்தியே வழங்கவேண்டிய நிலை வந்தமை நகைப்புக்கு இடமாகத் தோன்றலாம். மில்லைப் படித்தவனுக்கு அதில் நகைப்பு இல்லை. அமெரிக்க சமூகவியலாளரான ஆர்லி ஹொக்‌ஷீல்ட் 1997 இல் வெளியிட்ட ஆய்வுநூலும் இதனையொத்த நிலையையே காட்டுகின்றது. குடும்பத்துக்கு உகந்த ஏற்பாடுகள் பலவற்றை எழுத்தில் வழங்கிய பெரிய கம்பனியொன்றில், வேலைநேரத்தைக் குறைக்கும் ஏற்பாட்டைப் பயன்படுத்தியோர் மிகச் சிலரேயாவர். இன்று சில அமெரிக்கக் கம்பனிகள் லீவு நாட்களை எண்ணுவதையே கைவிட்டு, வேண்டியவர் வேண்டியவாறு எடுக்கலாம் என்கின்றன. தாராளமாகத் தோன்றும் இவ்வேற்பாட்டில் ஒரு நுட்பம் உண்டு. 14 நாள் லீவு என்பது ஒருவனுக்குச் சேரவேண்டிய கடன், எடுக்காவிடிற் கேட்கலாம். எண்ணில்லாத லீவில் எவருக்கும் எதுவும் கடனில்லை.

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, ஊழியரின் தெரிவைப் புறக்கணித்து யாவற்றையும் சட்டத்தால் அல்லது நிறுவனத்தால் வகுத்துவிடலாம் என முடிவு கட்டின், அது முன்னையதினும் பெரும் பிழையாகும். ஊழியரின் வாழ்வைத் தானே ஒழுங்குபடுத்த முற்பட்ட தொழில்தருநர் எத்தகையவர் என்பதை ஹென்றி போர்ட்டின் வரலாறு காட்டும். 1914 இல் நாளொன்றுக்கு 5 டொலர் வழங்கப்போவதாக அறிவித்து உலகை வியக்கவைத்த அவரது கம்பனி, அதனைப் பெறுவதற்குத் தகுதியுடையோரைத் தெரிய ஒரு 'சமூகவியற் பகுதி'யையும் அமைத்தது. அதன் பரிசோதகர்கள் தொழிலாளரின் வீடு வீடாகச் சென்று, வீடு தூய்மையாக உள்ளதா, மது அருந்துகின்றனரா, பணம் சேமிக்கின்றனரா எனக் குறிப்பெடுத்தனர். நல்வாழ்வு இன்னதெனத் தொழிற்சாலை தீர்மானித்து, அதன்படி வாழ்வோருக்கு முழுக் கூலி கொடுத்தது. இதனோடு ஒப்பிடுகையில், 'உன் வாழ்வை நீயே பார்த்துக்கொள்' எனக் கூறும் முதலாளி எவ்வளவோ மேலானவர்.

சட்டத்தின் அன்பும் சிற்சில வேளைகளில் அவமதிப்பாக முடிகின்றது. பேக்கரித் தொழிலாளரின் நேரத்தை வரையறுக்க மறுத்த அதே அமெரிக்க நீதிமன்றம், மூன்றாண்டுகளின் பின் 1908 இல், பெண்களுக்கு 10 மணித்தியால எல்லையிட்ட ஒறிகன் மாநிலச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. காரணம், பெண் உடலால் வலிமை குன்றியவள், தாய்மைக்கு உரியவள், ஆதலாற் பாதுகாக்கப்படவேண்டியவள் என்பதாம். ஆணுக்குச் சுதந்திரம், பெண்ணுக்குப் பாதுகாப்பு. முன்னதில் ஆண் தன் களைப்போடு தனித்து விடப்பட்டான். பின்னதிற் பெண் தன் தீர்ப்பை இழந்தாள். இலங்கையிலும் 2022 யூன் மாதத்தில், எரிபொருட் பஞ்சத்தின்போது, அரச ஊழியர் உணவுப் பயிர் செய்தற்பொருட்டு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமைகளை விடுமுறையாக்க அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது. நெருக்கடியின் கடுமையை எவரும் மறுக்கார். ஆயினும் மாடிக் குடியிருப்பில் இரண்டாம் மாடியில் வாழ்ந்த எழுதுவினைஞர் எங்கே மண்வெட்டியைப் பிடிப்பது என்பதை அவ்வங்கீகாரம் சிந்திக்கவில்லை. பொதுவிதி தனிவாழ்வை அறியாது. நோயுற்ற தாயை உடையவனுக்கும் இரவிற் படிக்க விரும்புபவனுக்கும் கைக்குழந்தை உடையவளுக்கும் ஒரே கால அட்டவணை பொருந்தாது என்பதிற் சிறிதும் ஐயமில்லை.

அவ்வாறாயின் விடுதல் எப்போது விடுதலையாகின்றது? இதற்கு விடை தேட உதவுவது, 1967 இல் மேற்கு ஜேர்மனியின் மியூனிக் நகருக்கு அணித்தாயுள்ள ஒட்டோபுரூண் என்னுமிடத்தில், விமானத் தொழில் நிறுவனமொன்று தொடங்கிய நெகிழ்நேர முறையாகும். யாவரும் ஒரே வேளையில் வந்து சென்றமையால் வீதியிலும் வாயிலிலும் நேர்ந்த நெரிசலே அதற்கு உடனடிக் காரணம். பகலின் நடுப்பகுதியில் யாவரும் பணியில் இருத்தல் வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் வரவையும் செலவையும் அவரவர் வகுத்துக்கொள்ளலாம் என விடப்பட்டது. இம்முறை பின்னர் பல நாடுகளுக்கும் பரவிற்று. இதன் வெற்றிக்குக் காரணம் வெளிப்படையானது. மொத்த வேலைநேரம் முன்னரே வரையறுக்கப்பட்டிருந்தது. காலை 7 மணிக்கு வந்தவனும் 9 மணிக்கு வந்தவனும் ஒரே அளவு உழைத்தனர். ஒரே சம்பளம் பெற்றனர். ஒருவனது தெரிவு மற்றவனைத் துரத்தவில்லை. ஆகவே மில் காட்டிய பொறி அங்கு இயங்கவில்லை.

எந்த நேரத்தில் உழைப்பது என்பது ஒரு வினா. எவ்வளவு உழைப்பது என்பது வேறொரு வினா. அவ்வுழைப்புக்கு என்ன விலை என்பது மூன்றாவது. இன்று 'உன் சமநிலையை நீயே கண்டுகொள்' எனக் கூறுவோருட் பலர் முதல் வினாவை மட்டும் ஊழியரின் கையிற் கொடுத்து, மற்ற இரண்டையும் தம் கையில் வைத்துக்கொள்கின்றனர். முடிக்கவேண்டிய வேலையின் அளவு குறையாதபோது, அதனைப் பகலிற் செய்வதா இரவிற் செய்வதா எனத் தெரியும் உரிமை தூக்கத்தை எங்கே வெட்டுவது எனத் தெரியும் உரிமையாகவே முடிகின்றது. 2020 இன் பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்து வேலைசெய்த பலர் இதனைத் தம் உடலால் அறிந்தனர். பிரான்சில் 2017 சனவரி முதலும் அவுஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும், வேலைநேரத்தின் பின் தொடர்பினின்றும் விலகியிருக்கும் உரிமை சட்டத்தில் இடம்பெற்றமை இத்தகைய அனுபவத்தின் வேறு வேறு வெளிப்பாடுகளே.

இதனைப் பல்கலைக்கழகச் சூழலிலேயே காணலாம். விரிவுரையாளர் தம் நேரத்தைத் தாமே வகுத்துக்கொள்ளும் பேறு பெற்றவர் எனப் பிறர் கருதுவர், ஓரளவுக்கு உண்மையே. நிரந்தர நியமனம் பெற்றவர் மாலையில் வீடு திரும்பி வாசிப்பதும் எழுதுவதும் அவர்தம் விருப்பால் நிகழ்வன. அதே துறையில் ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவேண்டிய தற்காலிக உதவி விரிவுரையாளருக்கும் அதே நெகிழ்வு உண்டு. கையொப்ப ஏடு அவரையும் நெருக்குவதில்லை. எனினும் ஞாயிற்றுக்கிழமை விடைத்தாள் திருத்த அழைக்கப்படும்போது அவர் 'இயலாது' எனக் கூறுவதில்லை. இருவருக்கும் வழங்கப்பட்ட சுதந்திரம் ஒன்றே. மறுத்தால் இழக்கக்கூடியது ஒன்றன்று.

தேயிலைத் தோட்டங்களிற் கடந்த சில ஆண்டுகளாக நிகழ்ந்துவரும் மாற்றம் இவ்வாராய்ச்சிக்கு மிக அண்மையிலுள்ள களமாகும். நாட்கூலிக்குப் பதிலாக, தேயிலை நிலத்தின் ஒரு பகுதியை ஒரு குடும்பத்தின் பொறுப்பில் விட்டு, பறித்துக் கொடுக்கும் பச்சைக் கொழுந்துக்குக் கிலோவுக்கு இவ்வளவு எனக் கொடுக்கும் வருமானப் பகிர்வு முறையைப் பெருந்தோட்டக் கம்பனிகள் சில நடைமுறைப்படுத்தியுள்ளன. ஏனையவும் அதனை வலியுறுத்துகின்றன. முறையின் விவரங்கள் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடுவன. ஆனால் அதற்காக எடுத்துரைக்கப்படும் நியாயம் எங்கும் ஒன்றே: தப்பொலி இல்லை, பிரட்டு இல்லை, கங்காணியின் அதட்டல் இல்லை, தொழிலாளி தன் நேரத்தைத் தானே வகுத்துக்கொள்ளலாம், பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பியபின் மலைக்குச் செல்லலாம்.

இந்நியாயத்தை வெறும் ஏமாற்று எனத் தள்ளிவிடல் தகாது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் பிறர் ஊதிய ஊதுகுழலுக்கு எழுந்து ஓடிய ஒரு சமூகத்தில், காலையில் எத்தனை மணிக்கு வீட்டைவிட்டு வெளிக்கிடுவது என்பதைத் தானே தீர்மானிக்கும் ஒரு பெண்ணின் மகிழ்ச்சி சிறியதன்று. அது மானம் சார்ந்தது. அதனை அறியாத தொழிற்சங்கவாதி, ஒறிகன் வழக்கின் நீதியரசரைப் போலவே, அவளுக்காகப் பேசி அவளை மௌனியாக்குபவனாவான்.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். நாட்கூலி பெறுபவள் ஊழியர்; அவளுக்கெனத் தொழில்தருநர் 12 வீதமும் அவள் 8 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குச் செலுத்தவேண்டும் என்பது 1958 இன் சட்டத்தின் கீழ் இன்றுள்ள விதி. 1980 இன் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம். மகப்பேற்று நன்மைகளுக்கு 1939 இன் கட்டளைச் சட்டம் உண்டு. அடிப்படைக் கூலியைச் சம்பளச் சபை நிர்ணயிக்கும். நாளொன்றுக்கு 1000 ரூபா என்ற கோரிக்கை நெடுங்காலப் போராட்டத்தின் பின் 2021 இல் நிறைவேறியது அவ்வழியேயாகும். ஒரு கொத்து நிலத்தின் பொறுப்பாளி எனப் பெயர் மாறியவளுக்கு இவற்றுள் எவை எஞ்சும் என்பதே தொழிற்சங்கங்கள் எழுப்பும் கேள்வி. மழை பெய்யாத மாதத்திற் கொழுந்து குறைந்தால், முன்னர் கம்பனியின் கணக்கில் விழுந்த நட்டம் இனி எவர் கணக்கில் விழும்? கிலோவின் விலையை வகுப்பவர் எவர்? ஈரத்துக்கும் கூடைக்கும் எனக் கழிக்கப்படும் நிறையைப் பற்றி முறையிடும் இடம் எது? நேரத்தைத் தெரியும் உரிமை வந்த அதே வாயிலால், நேரத்துக்கு வரையறையிட்டிருந்த பாதுகாப்பு வெளியேறுமாயின், கிடைத்ததும் இழந்ததும் சமமல்ல.

இன்னொன்றும் உண்டு. குடும்பத்துக்கு விடப்பட்ட நிலத்தில் உழைப்பது குடும்பம். செக்ரோலில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் இருந்தது. மனைவியின் நாள் மனைவியின் பேராகப் பதியப்பட்டது. நிலம் கணவன் பெயரில் எழுதப்பட்டு, காசு அவன் கையிற் கொடுக்கப்படும் இடத்தில், அவளது உழைப்பு மீண்டும் பெயரற்றதாகும் அபாயம் உண்டு. மாலையிற் பாடசாலைவிட்டு வந்த பிள்ளையும் ஒரு கை கொழுந்து கிள்ளும். எவரும் வற்புறுத்தவில்லை, கிலோவின் விலை வற்புறுத்துகின்றது. தொம்சன் கூறிய பணியை அளவையாகக் கொண்ட உழைப்பு திரும்பி வருகின்றது என மகிழ்வோர், அது நிலமுடைய உழவனின் வடிவில் வருகின்றதா, குடிமை செய்தவனின் வடிவில் வருகின்றதா எனக் கேட்டல் நலம். நிலம் இன்னும் அவர்களுடையதன்று.

கம்பனிகள் கூறுவது உண்மையான விடுதலையாயின் அதனைச் சோதித்தற்கு வழியுண்டு. நாட்கூலிக்குத் திரும்ப விரும்பும் தொழிலாளி எவ்விழப்புமின்றித் திரும்பலாமா என ஒப்பந்தத்திற் பார்த்தாற் போதும். சேமலாப நிதியும் மகப்பேற்று நன்மையும் குறைந்தபட்ச வருமானமும் எம்முறையிலும் தொடரும் என எழுதிக் கொடுக்கப்பட்டு, அதன்மேல் நேரத்தின் தெரிவு விடப்படுமாயின் அதனை எதிர்க்கத் தொழிற்சங்கங்களுக்குக் காரணம் இராது. கிலோவின் விலையையும் நிறையின் கழிவையும் தனித்தனிக் குடும்பத்தோடன்றி, யாவரோடும் கூட்டாகப் பேசி வகுத்தல் வேண்டும் என்பதும் மில்லின் எடுத்துக்காட்டு உணர்த்துவதே. அடுத்த நிலத்துக்காரி இரவு விளக்கில் மருந்தடித்தால் இவளும் அடிக்கவேண்டிய நிலை வருதல் கூடாது.

பறித்த கொழுந்து நெடுநேரம் காத்திராது. குறித்த வேளைக்குள் தொழிற்சாலையின் வாட்டும் தட்டுகளை அடைதல் வேண்டும். எனவே பிரட்டுக்களம் மறைந்த மலைகளிலும் கொழுந்து லொறி வரும் வேளை மறையவில்லை. பிள்ளைமடுவம் திறக்கும் வேளையும் பாடசாலை விடும் வேளையும் அதனோடு பொருந்தினாலன்றி, விரும்பிய நேரத்தில் மலைக்குச் செல்லலாம் என்ற சொல்லால் அவளுக்குக் கிடைப்பது சொற்பமே. லொறியின் வேளையை எவருடன் கலந்து வகுக்கின்றனர் என்பதைத் தோட்டத்துக்குத் தோட்டம் சென்று கேட்டறிதல் வேண்டும்.